எடை மேடை லேப்டாப்

"அக்கா, லேப்டாப்புக்கு நெட்டு கார்டு போடணும். மதியத்துக்குள்ள ஆவுமா?" என்று அந்தப் பெண் போனில் கேட்டபோது, நான் மாடல் நம்பரைக்கூடக் கேட்கவில்லை. ஆகும் என்று சொல்லிவிட்டேன். இது என் பழக்கம். முதலில் ஆகும் என்று சொல்லிவிடுவேன், பிறகு உட்கார்ந்து அதை ஆக்குவேன். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, ராயக்கோட்டை ரோட்டில் லேப்டாப் சர்வீஸ் கடை போட்டுப் பத்து வருடம் ஆகப்போகிறது. இந்தப் பழக்கத்தால் இரண்டு மூன்று முறைதான் மூக்கு உடைந்திருக்கிறது.

போனில் பேசியவள் பேர் ரூபா. பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு லாரி எடை மேடையில் வேலை. லாரி வந்து இரும்புத் தட்டின் மேல் நிற்கும். ரூபா அறைக்குள் உட்கார்ந்து எடை எடுத்துச் சீட்டுக் கொடுப்பாள். எட்டு வருடமாக அந்த நாற்காலியில் அவள்தான். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைலேர்ந்து சரக்கு எறக்கற ஃபேக்டரில பேப்பர் சீட்டு வாங்க மாட்டாங்களாம்க்கா. எடை நெட்டுலயே போயி சேரணுமாம். இன்னிக்கி மதியம் ஃபேக்டரி ஆளு வந்து பாப்பாரு. நம்ம லேப்டாப்பு நெட்டு புடிக்கலன்னா ஓனரு ஆளில்லாத மிசினு வாங்கிடுவாரு. அது வந்தா அல்லாம் அதுவே பண்ணிக்குமாம். அப்புறம் நான் இன்னாத்துக்கு?"

"நீ எனக்குப் போன் பண்ணது உங்க ஓனருக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. போன வாரம் ஒருத்தரு வந்து பாத்துட்டு, கார்டு செத்துப்போச்சு, வேற லேப்டாப்பு வாங்குங்கன்னுட்டாரு. அவரு சொன்னங்காட்டி ஓனரு முடிவு பண்ணிட்டாரு."

அப்போதுதான் மாடல் நம்பரைக் கேட்டேன். அவள் லேப்டாப்பைப் புரட்டிப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பு நிறத்தில், செங்கல் கனத்தில், ஆபீஸ்களுக்கென்றே செய்த பழைய மாடல். அந்த மாடலுக்கு ஒரு வீம்பு உண்டு. தன் கம்பெனி ஏற்றுக்கொண்ட கார்டைத் தவிர வேறு எதைச் செருகினாலும் துவங்கவே துவங்காது. இந்தக் கார்டுக்கு அனுமதி இல்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். பல மெக்கானிக்குகள் அந்த வரியைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிடுவார்கள். நான் அதே கம்பெனியின் உடைந்த லேப்டாப்புகளில் இருந்து கழற்றிய கார்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதைக் குப்பை என்பார். அந்தக் குப்பையில் தேடி, நம்பர் ஒத்துப்போகிற கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

டூல்ஸ் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காலை வேளையில் பாகலூர் ரோடு லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் எழுதி வைத்த சொத்து. ரோஜாப் பண்ணைகளின் வெள்ளைக் கொட்டகைகளைத் தாண்டிய பிறகுதான் மூச்சுவிட இடம் கிடைத்தது.

எடை மேடை அறை ஒரு ஆட்டோ நிறுத்தும் அளவுதான் இருக்கும். தட்டைப் பார்த்த ஜன்னல், ஒரு மேசை, எடையைச் சிவப்பு எண்களில் காட்டும் பெட்டி, பிரிண்டர், நடுவில் நம் லேப்டாப். ரூபாவுக்கு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கலாம். ஒரு கையால் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டே ஜன்னலில் நின்ற டிரைவருக்குக் கன்னடத்தில் பதில் சொன்னாள், அவனுக்குப் பின்னால் நின்றவனிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள், என்னிடம் தமிழில் "டீ சொல்லட்டாக்கா?" என்றாள். மூன்று பாஷையிலும் அதட்டல்தான் தூக்கலாக இருந்தது. எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

"டீ அப்புறம் குடிக்கலாம் தாயி. முதல்ல இந்தத் தடியன் என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்றேன்.

தடியனை ஏன் தூக்கிப்போட முடியவில்லை என்பதற்குக் காரணம் அவன் முதுகில் இருந்தது. எடைப் பெட்டியிலிருந்து வரும் கம்பி, ஒன்பது ஊசி உள்ள பழைய காலத்துச் சொருகியில் போய் முடிகிறது. இப்போது வரும் லேப்டாப்புகளில் அது கிடையாது. நடுவில் ஒரு அடாப்டர் வைத்துப் பார்த்தார்களாம். எடை தவளை மாதிரி குதித்ததாம். யுஎஸ்பி துளை இரண்டுதான். ஒன்றில் பிரிண்டர். இன்னொன்றில் எடை சாப்ட்வேரின் பூட்டுச்சாவி. அதைப் பிடுங்கினால் சாப்ட்வேர் திறக்காது. லேன் கம்பி செருகும் துளை ஒரு மழைநாள் இடியில் கருகிவிட்டது. ஆக, உள்ளே நெட் வர ஒரே வாசல் வைஃபை கார்டுதான். வைஃபை பெட்டியோ சாலைக்கு எதிரே ஓனரின் லாரி ஷெட்டில் இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த லேப்டாப்புக்கு நெட் என்ற ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

"நான் இதப் பிரிச்சிட்டா வண்டி வந்தா என்ன பண்ணுவ?"

"பொட்டில எடை தெரியுதுல்லக்கா. கையால எழுதிக் குடுத்துக்கினு இருப்பேன். இன்னிக்கி வரைக்கும் பேப்பரு செல்லும். நீங்க பிரிங்க."

பிரித்தேன். பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு, அடி மூடியின் திருகுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். உள்ளே புழுதி மெத்தை மாதிரி படிந்திருந்தது. லாரிகள் போகிற இடத்தில் வேறு என்ன இருக்கும். பிரஷ்ஷால் கூட்டித் தள்ளியதும் கார்டு தெரிந்தது. தீப்பெட்டியைவிடச் சின்னது. அதன் தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகள். இந்தக் கம்பிகளின் முனை கடுகு மாதிரி இருக்கும். முரட்டுத்தனமாகப் பிடுங்கினால் அத்தோடு கதை முடிந்தது. நகத்தால் நெம்பி எடுத்தேன். பழைய கார்டின் திருகைக் கழற்றியதும் அது தானாகவே ஒருபக்கம் எழும்பியது. என் கார்டைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, திருகு போட்டு, கம்பிகளை அதனதன் இடத்தில் அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பேட்டரியைப் போட்டு உயிர் கொடுத்தேன். கம்பெனி பேர் வந்தது. அனுமதி இல்லை என்ற வரி வரவில்லை. நேராக விண்டோஸ் திறந்தது.

"உள்ள விட்டுட்டான்" என்றேன். ரூபாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இனி டிரைவர் ஏத்தணும். டிரைவர் இல்லாம இது ஓடாது."

ஜன்னலில் சீட்டுக்காகக் காத்திருந்த லாரிக்காரர் தலையை உள்ளே நீட்டி, "நான் இங்கதாம்மா கீறேன்" என்றார். ரூபா சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பிரிண்டரைப் பிடுங்கி, அந்தத் துளையில் பென்டிரைவைச் செருகி டிரைவர் சாப்ட்வேரை ஏற்றினேன். லேப்டாப் கார்டின் பேரைச் சரியாகச் சொன்னது, எல்லாம் நலம் என்றது. ஆனால் திரையின் மூலையில் வைஃபை குறிமேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. வயர்லெஸ் அணைந்திருக்கிறது என்று ஒரு செய்தி. அணைந்திருந்தால் ஏற்ற வேண்டியதுதானே. அதற்கென்று உள்ள கீயை அழுத்தினேன். ஏறவில்லை. டிரைவரைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். அணைத்துத் திறந்தேன். செட்டிங்கில் உள்ள கதவுகளை எல்லாம் தட்டினேன். பெருக்கல் குறி அசையவில்லை.

மூக்கு உடையப்போகிற நாட்களில் நான் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். அன்றும் பேசினேன்.  ரூபா ஒவ்வொரு சீட்டு எழுதி முடித்ததும் சாலையை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பார்வை என் முதுகில் குத்தியது.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி பிரித்து, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பழைய கார்டையே போட்டுப் பார்த்தேன். லேப்டாப் அதன் பேரையும் சரியாகச் சொன்னது. எல்லாம் நலம் என்றது. அதே சிவப்புக் குறியையும் போட்டது. செத்துப்போன கார்டு மிக நன்றாக உயிரோடு இருந்தது.

அந்த மெக்கானிக் மகராசனைத் திட்டினேன். பிறகு நியாயத்துக்கு என்னையும் திட்டிக்கொண்டேன். யாரோ சொன்ன நோயை நம்பி, நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் மருந்தோடு வந்தவள் நான்தானே.

ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. இரண்டு கார்டும் ஒரே குறையைச் சொன்னால் குறை கார்டில் இல்லை. வெளியே ஏதோ ஒன்று அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படி நினைத்ததும் பொறி தட்டியது. இந்த மாடலில் வைஃபையை அணைக்க உடம்பிலேயே ஒரு ஸ்விட்ச் உண்டு. முன்விளிம்பில், நகம் அளவில், இடம் வலமாகத் தள்ளுகிற ஸ்விட்ச். பின்னால் வந்த லேப்டாப்புகளில் அது இல்லை என்பதால் எனக்கே மறந்துபோயிருந்தது. விளிம்பில் விரலை ஓட்டினேன். ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்துபோன ஒரு திட்டு. மஞ்சளும் சிவப்புமாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

"ரூபா, இது என்னது?"

"பொட்டுக்கா. ஆயுத பூஜைக்கு வெச்சது."

"இவ்வளவு கனமாவா?"

"ஒரு வருசத்து பொட்டா அது? வருசா வருசம் அதும் மேலயே வெக்கறதுதான்."

எங்கள் கடையிலும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம். ஸ்குரூ டிரைவருக்குக்கூட வைப்போம். ஆனால் ஸ்விட்சுக்கு மேல் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். நகத்தால் சுரண்டப் போனேன். ரூபா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்கக்கா. ஓனரு கையால வெச்சது. அதுவா உதிர்ந்தா சரி, நாங்களா எடுக்க மாட்டோம்."

"எடுக்கலன்னா அடுத்த ஆயுத பூஜைக்கு உங்க ஓனர் அந்த ஆளில்லாத மிசினுக்குத்தான் பொட்டு வைப்பாரு. பரவால்லையா?"

அவள் கையை எடுத்தாள். 

"அப்ப நானே எடுக்கறேன். நீங்க செருப்பு போட்டுக்கினு கீறீங்க."

வெளியே போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். பஞ்சை நனைத்து, திட்டின் மேல் வைத்து ஊறவிட்டாள். லேப்டாப்புக்குள் தண்ணீர் போகாமல் நான் விளிம்பைத் துணியால் பிடித்துக்கொண்டேன். ஊற ஊறத் தீக்குச்சியால் மெல்ல எடுத்தாள். ஒரு துளிகூடத் தரையில் விழாமல் ஒரு காகிதத்தில் சேர்த்து, வெளியே செம்பருத்திச் செடியின் அடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் என்னையும் அதட்டியிருப்பாள் என்று தோன்றியது.

வேலை செய்துகொண்டே சொன்னாள். முதல் வருடம் ஓனர் பொட்டைக் கீபோர்டிலேயே வைத்துவிட்டாராம். அஞ்சு என்ற எண் ஒட்டிக்கொண்டு, அன்று வந்த லாரியெல்லாம் வண்டி நம்பரில் அஞ்சு விழாமல் தவித்ததாம். அடுத்த வருடம் ரூபாதான் சொல்லியிருக்கிறாள்: "அண்ணா, கீ மேல வேணாம், முன்னாடி விளிம்புல வெய்ங்க." அவரும் அவள் சொன்ன இடத்திலேயே கட்டைவிரலால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். ஸ்விட்ச் அந்த இழுப்பிலேயே அணைந்த பக்கம் போயிருக்கும். அதற்கப்புறம் சந்தனம் அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறது.

திட்டு முழுதும் கரைந்ததும் சாம்பல் நிறத்தில் ஸ்விட்ச் தலைகாட்டியது. "நீயே தள்ளு" என்றேன். ரூபா கட்டைவிரலால் தள்ளினாள். முதலில் முரண்டு பிடித்து, பிறகு ஒரு நெறுநெறுப்போடு நகர்ந்தது. பக்கத்தில் பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது. திரையில் சிவப்புக் குறி போய், ஷெட்டில் இருக்கும் வைஃபையின் பேர் வந்து நின்றது. ரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மிச்ச வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. பழைய கார்டு சாலைக்கு அந்தப் பக்கத்து வைஃபையை இரண்டு கோடு அளவுக்குத்தான் பிடித்தது. மறுபடி என் கார்டை மாற்றிப் போட்டேன், நான்கு கோடு. அதையே நிரந்தரமாகப் பூட்டினேன், வீம்புக்காக இல்லை. லேப்டாப் திறந்ததும் நெட் தானாகச் சேர்ந்துகொள்ளும்படி வைத்தேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கார்டு நடுவில் தூங்கிவிடாதபடி அந்த வசதியை அணைத்தேன். ஃபேக்டரி கொடுத்திருந்த, எடையை அனுப்புகிற சின்ன சாப்ட்வேரை எடை சாப்ட்வேரோடு கோத்துவிட்டேன். கடைசித் திருகைப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கியவர் ஓனர் திம்மப்பன். அறுபது வயது, வெள்ளைச் சட்டை. கூட வந்தவன் ஃபேக்டரி ஆள் மோகன்குமார், கையில் தொடுதிரை டேப் ஒன்று. ஓனர் உள்ளே வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பின் முன்விளிம்பைத்தான் பார்த்தார்.

"பொட்டு எங்க?"

நான் எதையாவது பூசி மெழுகலாம் என்று வாயைத் திறந்தேன். ரூபா முந்திக்கொண்டாள்.

"நான்தாண்ணா எடுத்தேன். அதும் கீழ நெட்டு ஸ்விட்சு இருந்துச்சு. நீங்க வெச்சதுல அணைஞ்சிபோச்சு. அங்க வெக்கச் சொன்னது நான்தான். இந்தக்காவ வரச்சொன்னதும் நான்தான். இப்ப நெட்டு வந்துடுச்சு."

"அப்ப கார்டு சாவலையா?"

"கார்டு நல்லாத்தான் இருந்துச்சுய்யா" என்றேன். "பக்திதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

திம்மப்பன் தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் சிரித்துவிட்டார். மோகன்குமார் ஒரு சோதனை எடையை அனுப்பச் சொன்னான். ரூபா அனுப்பினாள். டேப்பில் மணி அடித்தது. "பர்பெக்ட் சார், வந்துடுச்சு" என்றான். நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டேன். டீ குடிக்கலாம் என்று நினைத்தேன்.

"சார், லேப்டாப்பே ஆன்லைன் வந்துட்டதால உங்களுக்குப் பெரிய மிசின் தேவையில்ல" என்றான் மோகன்குமார். "ரெண்டு கேமரா வெச்சா போதும். நீங்க வீட்ல உக்காந்து போன்லயே பட்டனை அழுத்திக்கலாம். இங்க ஆள் போடற வேலையே இல்ல."

நல்ல பையன்தான். சிரித்த முகத்தோடுதான் சொன்னான்.  நெட் வந்தால் ரூபா இருப்பாள் என்றுதான் நாங்கள் இருவரும் கணக்குப் போட்டிருந்தோம். நெட் வந்ததாலேயே ரூபா வேண்டாம் என்று ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் நாற்காலியைக் காப்பாற்ற வந்தவள், அதைப் பிடித்து இழுக்கக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

திம்மப்பனின் முகம் மலர்ந்தது. "அப்படியா. அது சுலபமா கீதே." பிறகு ரூபாவைப் பார்த்து, பெரிய மனதோடு சொன்னார்: "நீ ஒண்ணும் கவலப்படாத. ஷெட்டு கூட்டிப் பெருக்க ஒரு ஆளு வேணும். உன்னையே வெச்சுக்கறேன். நீ இன்னா தெரியாத ஆளா?"

 ரூபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப பதிவு பண்ணிடலாம் சார்" என்று மோகன்குமார் டேப்பை நீட்டினான். "பொறுப்பாளர் பேரும் செல் நம்பரும் வேணும். இனி ஒவ்வொரு எடையிலயும் அந்தப் பேருதான் வரும். எடையில சந்தேகம்னா அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க."

"எம் பேரப் போடு. திம்மப்பன்."

"இல்லண்ணா" என்றாள் ரூபா. திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "எம் பேரப் போடச் சொல்லுங்க."

"உம் பேரு எதுக்கு?"

"எட்டு வருசமா எடை குறைஞ்சா என்னைத்தான கூப்ட்டு கேட்டாங்க. லாரிக்காரங்க சண்டைக்கி வந்தா இந்த ஜன்னல்ல நின்னது நான்தான. தப்புக்கு நான், பேருக்கு நீங்களா? ஷெட்டு பெருக்க வேற ஆளு பாத்துக்கங்க. எம் பேரு போட்டா இந்த சேர்ல உக்காருவேன். இல்லன்னா சாவி இந்தாங்க."

இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டாள்.  

அந்த நேரம் பார்த்து ஒரு கருங்கல் லாரி தட்டில் ஏறி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். வழக்கமாக ஜன்னலில் தெரிகிற முகம் தெரியவில்லை. மறுபடி அடித்தார். ரூபா அசையவில்லை.

"இது இன்னா பெரிய வித்தையா?" என்று முனகிக்கொண்டே திம்மப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் வண்டி நம்பர் ஒரு கட்டம், சரக்கு ஒரு கட்டம், பார்ட்டி ஒரு கட்டம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், இறக்கிவிட்டுப் பார்த்தார். ஒரு கீயை அழுத்தினார். லேப்டாப் பீப் என்றது. இன்னொன்றை அழுத்தினார். பீப். மோகன்குமாரைப் பார்த்தார்.

"எனக்கு இந்த சாப்ட்வேர் தெரியாது சார். பட்டன் வேலையெல்லாம் கேமரா வந்தப்புறம்தான்."

என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் பாரும்மா."

எனக்கு அது தெரியும். பொருத்தியவளுக்குத் தெரியாதா? கையைக் கட்டிக்கொண்டேன். "நான் கார்டு போட வந்தவய்யா. எடை போட வரல."

பின்னால் இரண்டு லாரி வந்து நின்றுவிட்டது. மூன்று ஹாரனும் சேர்ந்து அடித்தது. பொறுமை போன டிரைவர் இறங்கித் தட்டின் மேலேயே நடந்து வந்தார். பெட்டியில் சிவப்பு எண்கள் ஏறி இறங்கின. திம்மப்பன் பதறி எதையோ அழுத்தினார். வெளியேறலாமா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் ஆம் என்று அழுத்திவிட்டார். எடை சாப்ட்வேர் மூடிக்கொண்டது. மறுபடி திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு இன்னாம்மா?"

வாசலில் இருந்து ரூபா சொன்னாள்: "அது பொறுப்பாளருக்குத்தான் தெரியும்ணா."

 நான் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். திம்மப்பன் அவளைப் பார்த்தார், வெளியே நிற்கிற லாரிகளைப் பார்த்தார், மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"எழுதுப்பா. ரூபா."

"இனிஷியல் சார்?"

திம்மப்பனுக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாக அவருக்கு அது தேவைப்பட்டதில்லை.

"வெ." என்று ரூபாவே சொன்னாள். "எங்கம்மா வெங்கடம்மா." செல் நம்பரையும் சொன்னாள்.

"கேமராவுக்கு எப்ப வரட்டும் சார்?" என்று மோகன்குமார் மெதுவாகக் கேட்டான்.

"அத அப்புறம் பாக்கலாம். முதல்ல ஹாரன நிறுத்தணும்" என்றார் திம்மப்பன். சாவியை எடுத்து அவரே அவள் கையில் கொடுத்தார்.

ரூபா அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தட்டைவிட்டு இறங்கும்படி டிரைவரைக் கன்னடத்தில் ஒரு அதட்டு அதட்டினாள். அவர் குதித்து இறங்கினார். சிவப்பு எண்கள் ஆடி அடங்கி நின்றன. அவள் கீயை அழுத்தினாள். டேப்பில் மணி அடித்தது.

மோகன்குமார் ஜன்னலை மறைத்து நின்றபடி டேப் திரையைப் பார்த்துப் படித்தான். "பொறுப்பாளர், வெ. ரூபா. எடை வந்துடுச்சு மேடம்."

"வந்துச்சில்ல, ஜன்னல விட்டு நகருங்க" என்றாள் ரூபா. "அடுத்த வண்டி வர்றது தெரியல."